செட்டபிள்யூடி வரியை அழித்துவிட்டு அனுப்புங்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதி, சரிபார்க்க அனுப்பிய ப்ராஜெக்ட். முதல் வரியே செட்டபிள்யூடி (setwd), அதாவது ஆர் ஃபைல்களைத் தேடும் ஃபோல்டரான வொர்க்கிங் டைரக்டரியை மாற்றும் கட்டளை. அதற்குள் அனுப்பியவருடைய டெஸ்க்டாப்பின் முழு பாத் (ஃபோல்டர் முகவரி). அந்த ஃபோல்டர் என் கணினியில் எப்படி இருக்கும்? கேட்டால், “எனக்கு ஓடுகிறதே” என்று பதில்.

ஸ்கிரிப்டுகளைத் தனித்தனி ஃபோல்டர்களில் பிரித்து வைப்பது நல்ல பழக்கம்தான். ஒரு ஸ்கிரிப்டிலிருந்து இன்னொன்றை ஓட்டும் சோர்ஸ் (source) கட்டளை போட்டு அழைக்கும்போதுதான் வம்பு. அழைக்கும் ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஆர் தேடும் என்று பலர் நம்புகிறார்கள். தேடாது. வொர்க்கிங் டைரக்டரியிலிருந்துதான் தேடும். மெயின் ஃபைல், ‘மாடல்’ ஃபோல்டரில் உள்ள ஒரு ஃபைலை அழைக்கிறது. அந்த ஃபைல், தன் பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றை வெறும் பெயர் சொல்லி அழைக்கிறது. கிடைக்காது, ஏனென்றால் ஆர் இன்னும் மெயின் ஃபோல்டரிலேயே நிற்கிறது. நேற்று ஓடியதே என்றால், நேற்று உங்கள் வொர்க்கிங் டைரக்டரி ‘மாடல்’ ஆக இருந்திருக்கும், அவ்வளவுதான். சோர்ஸில் சிஎச்டைர் ட்ரூ (chdir = TRUE) கொடுத்தால், அழைக்கப்படும் ஃபைல் ஓடும்வரை அதன் ஃபோல்டரே வொர்க்கிங் டைரக்டரி ஆகும், இது தீரும். ஆனால் மெயின் ஃபோல்டரை வைத்து உள்ளே எழுதிய, டேட்டா படிக்கும் பாத்கள் உடையும். கோடும் உரையும் கலந்த ஆர் மார்க்டவுன் ஆவணத்தை நிட் செய்தால் (ஓட்டி அறிக்கையாக்கினால்) வழக்கமாக அந்த ஆவணத்தின் ஃபோல்டரே வொர்க்கிங் டைரக்டரி. கன்சோலில் ஓடியது அங்கே விழுவது இதனால்தான்.

ஆர் எழுதி ஓட்டும் மென்பொருளான ஆர்ஸ்டுடியோவில் ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்குங்கள். எல்லா பாத்தையும், ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரிலிருந்து பாத் அமைத்துத் தரும் ஹியர் (here) பேக்கேஜ் வழியாகக் கொடுங்கள். செட்டபிள்யூடி எங்கேயும் வேண்டாம்.

ஃபோல்டர் முழுவதையும் லூப்பில் ஏற்றுவதாக இருந்தால், ஃபைல்களைப் பட்டியலிடும் லிஸ்ட்.ஃபைல்ஸில் (list.files) ஃபுல்.நேம்ஸ் ட்ரூ (full.names = TRUE) என்று கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பாத் இல்லாத பெயர்கள்தான் வரும். பட்டியல் எழுத்து வரிசையில் வரும், அதனால் 10 என்று தொடங்கும் ஃபைல் 2-க்கு முன்னால் ஓடும். 02 என்று பெயர் வையுங்கள். அதைவிட நல்லது, அந்த ஃபோல்டரில் ஃபங்ஷன்களை மட்டும் வைப்பது. அப்போது வரிசையே பிரச்சினையில்லை. அங்கேயும் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் பின்னால் வந்தது முன்னதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். ஒரு எச்சரிக்கைகூட வராது.

அப்புறம், தயவுசெய்து, மெயின் ஃபைலின் தலையில், நினைவிலுள்ள மாறிகளை அழிக்கும் ஆர்எம் (rm) போட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஏற்றிய பேக்கேஜ்களும் வொர்க்கிங் டைரக்டரியும் அப்படியே இருக்கும். வொர்க்ஸ்பேஸை, அதாவது நினைவிலுள்ள மாறிகளையெல்லாம், சேமிக்கவா என்று ஆர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுப்பும் முன் ஆர்ஸ்டுடியோவை மூடி, ப்ராஜெக்டைப் புதிதாகத் திறந்து, மெயின் ஃபைலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டுங்கள். முடிந்தால் ப்ராஜெக்டை வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுத்து அங்கேயும் ஓட்டிப் பாருங்கள்.