நண்டு: சேற்று நண்டு, நீலக்கால் நண்டு, முக்கண் நண்டு

‘நண்டு’ என்ற சொல்லின் பழைய வடிவம் ஞண்டு அல்லது ஞெண்டு. ‘ஞாண்’ நாண் ஆனதைப் போலவே, மொழிக்கு முதலில் நின்ற ஞகரம் நகரமாகி இன்றைய வடிவம் வந்தது. மலையாளத்தில் இன்றும் ‘ஞண்டு’ என்றே சொல்கிறார்கள். சங்கப் பாடல்களில் அலவன், கள்வன் என்ற பெயர்களும் உண்டு. நெய்தல் நிலத்து மகளிர் கடற்கரையில் அலவனைத் துரத்தி விளையாடினார்கள் என்றால், ஐங்குறுநூற்றின் ‘கள்வன் பத்து’ மருதத்து வயல் நண்டைப் பாடுகிறது. அதன் அளை (வளை) உதிர்ந்த நெற்பூவால் நிறைந்திருப்பதைக் கண்டு எழுதிய கண் வியப்புக்குரியது. இராசிப் பெயரான கடகம், கர்க்கடகம் என்ற வடசொல்லின் வழி வந்தது.

இத்தனை சொல்வளம் இருந்தும், திருகோணமலையின் உணவக விலைப்பட்டியல்களில் ‘மட் கிராப்’, ‘லகூன் கிராப்’, ‘புளூ கிராப்’ என்ற பெயர்களையே காண்கிறோம். இவற்றுள் முதல் இரண்டையும் வெவ்வேறு நண்டுகள் என எண்ணுவோர் பலர். இரண்டும் ஒன்றுதான். கண்டல் வேர்களுக்கிடையே சேற்றில் வளை தோண்டி வாழ்வதால் அதைச் சேற்று நண்டு என்றோ, நம் நாட்டு வழக்குப்படி களப்பு நண்டு என்றோ எழுதலாம். சிங்கப்பூரில் ‘ஸ்ரீலங்கா கிராப்’ என்ற பெயரில் விரும்பி உண்ணப்படுவதும் இதுவே. மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவின் ஓரச் சதுப்புகளும் தம்பலகாமக் குடாவின் கண்டற் காடுகளும் இதற்கு ஏற்ற இடங்கள். இதன் ஓடு தடித்து வழவழப்பாக இருக்கும். கொடுக்குகள் பருத்து, விரலை நொறுக்கும் வலிமை கொண்டவை. செவுள் ஈரமாக இருக்கும்வரை நீருக்கு வெளியே சில நாள்கள் உயிரோடு இருக்கும் என்பதால்தான் கொடுக்குகளைக் கட்டி உயிருடனேயே விற்கிறார்கள்.

‘புளூ கிராப்’ எனப்படுவது நீலக்கால் நண்டு. மணற்பாங்கான கடலடியிலும் கடற்புல் படுகைகளிலும் வாழும் இது, தரையோடு படியும்படி இடப்படும் வலைகளில் சிக்குகிறது. ஓட்டின் இரு ஓரங்களிலும் ஒன்பது ஒன்பது பற்கள் உண்டு. அவற்றுள் கடைசிப் பல் முள்ளாக நீண்டு பக்கவாட்டில் துருத்தி நிற்கும். சேற்று நண்டிலும் அதே ஒன்பது பற்கள்தாம், ஆனால் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவானவை. பெயர் தெரியாமல் வாங்குபவருக்கு இந்த ஒரு குறியே போதும். ஆண் நீலமாகவும் பெண் பசுமை கலந்த பழுப்பாகவும் இருப்பதால், பெண்ணை வேறு இனம் என்று கருதிவிடுகிறார்கள். நீரைவிட்டு எடுத்தால் விரைவில் இறந்துவிடும் இந்த நண்டை அன்றன்றே சமைப்பதுதான் நல்லது. மென்மையும் இனிப்புமான இதன் சதைக்கு, முருங்கையிலை போட்டு வைக்கும் குழம்பு மிகப் பொருத்தமானது. சேற்று நண்டின் கனத்த சதையோ காரமான பிரட்டலுக்கு ஏற்றது என்பது என் எண்ணம்.

முக்கண் நண்டுக்கு அதன் பின்முதுகில் வெண்வளையம் சூழ்ந்த மூன்று செம்பழுப்புப் புள்ளிகளே பெயர் தந்தன. சிலுவை நண்டின் ஓட்டில் சிலுவை போன்ற வெளிறிய குறி இருக்கும்.

எந்த நண்டானாலும் வாங்குமுன் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். வயிற்று மடல் ஒடுங்கிக் கூம்பியிருந்தால் ஆண். அகன்று வளைந்திருந்தால் முதிர்ந்த பெண். அந்த மடலுக்கு வெளியே செம்மஞ்சளாகவோ கருமையாகவோ முட்டைத்திரள் தெரிந்தால் அது சினை நண்டு; அதை வாங்காமல் விடுவதே அடுத்த பருவத்துக்கு நாம் செய்யும் உதவி. அடியோட்டை விரலால் அழுத்தும்போது அமுங்கினால், அது அண்மையில் ஓடு கழற்றியது. உள்ளே சதையைவிட நீரே மிகுதி. பறுவ (முழுநிலவு) நாள்களில் நண்டில் சதை இருக்காது என்று நம் மீனவர் சொல்வதுண்டு.

ஓடு கழற்றும் இந்த நிலையை அறிந்தால் ‘சொப்ட் ஷெல் கிராப்’ என்பதன் பொருளும் விளங்கும். அது தனியொரு நண்டினம் அன்று. பழைய ஓட்டைக் கழற்றிய நண்டைப் புதிய ஓடு இறுகுமுன் நீரிலிருந்து எடுத்து, ஓட்டோடு முழுவதுமாகப் பொரித்து உண்பதற்கு வழங்கும் வணிகப் பெயர் அது. அதைத் தமிழில் மெல்லோட்டு நண்டு என்று எழுதலாம்.