வென்டிலேஷன்: களத்தில் பிறந்த சொல்

திருகோணமலை உப்புவெளியில் வீட்டு வேலை நடந்தபோது மேசன் கதவு நிலைக்கு மேலே கையை வைத்து, "ஐயா, இதில் வென்டிலேஷன் விடட்டுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது சுவரில் விடும் துளையை. மருத்துவமனையிலோ இதே சொல்லின் உடன்பிறப்பான வென்டிலேட்டர், செயற்கைச் சுவாசக் கருவி.

வேர்ச்சொல் லத்தீனின் 'வென்துஸ்', அதாவது காற்று. அதன் வழியில் வந்த 'வென்திலாரே' என்ற வினைக்கு விசிறுதல் என்று பொருள். தானியம் தூற்றுவதற்கும் அதே சொல்தான். ரோமானியரின் தூற்றுகோலுக்குப் பெயர் 'வென்திலாப்ரும்'. தம்பலகாமத்து வயற்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சிறுபோக நெற்கதிரைச் சூடு மிதித்து மணி பிரித்தபின், கச்சான் காற்று எழும் நேரம் பார்த்துச் சுளகை உயர்த்தி நெல்லைச் சரியவிட்டால், மணி காலடியில் குவியும். பதர் தள்ளிப் போய் விழும். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஒரு விடயத்தைப் பலரறியப் பேசுவதற்கும் ஆங்கிலத்தில் இந்த வினையே வழங்குகிறது. தமிழில் ஊர் வாய் தூற்றினால் பழிதான் மிஞ்சும்!

1740களில் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், கப்பல்களிலும் சிறைகளிலும் அடைபட்ட காற்றை மாற்றப் பெரிய துருத்திகளை அமைத்து, அவற்றை வென்டிலேட்டர் என்றார். களத்துச் சொல் கட்டடத்துக்குள் நன்றாகக் குடியேறியது அந்த நூற்றாண்டில்தான்.

தமிழில் காற்றோட்டம் என்பது போதும். ஆனால் அது காற்று ஓடுவதைக் குறிக்கும், துளையைக் குறிக்காது. துளைக்குச் சிலப்பதிகாரத்திலேயே பெயர் இருக்கிறது: 'மான்கண் காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போன்ற வடிவில் அமைந்த காற்றுவழி. ஆங்கிலத்தின் விண்டோவும் பழைய நோர்ஸ் மொழியில் 'காற்றுக் கண்'தான். எங்கோ வடகடலோரத்தில் இருந்தவர்களுக்கும் சுவர்த் துளை கண்ணாகவே தெரிந்திருக்கிறது. பலகணி என்ற சொல்லிலும் கண் இருக்கிறது. நாம் அன்றாடம் சொல்லும் யன்னலில் மட்டும் கண்ணும் இல்லை, காற்றும் இல்லை. 1620களில் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் 'ஜனெலா' அது. அதன் லத்தீன் மூலத்துக்குக் கதவு என்று பொருள்.

மேசனிடம் காலதர் என்று சொல்ல வாய் வரவில்லை. "காற்றுவழி ஒன்று விடுங்கள்" என்றேன். அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஒன்று போதாது ஐயா. எதிர்ச் சுவரிலும் விட்டால்தான் காற்று ஓடும்."