ரேஷன் கடையா, பங்கீட்டுக் கடையா?

"கடையில இன்னைக்கு என்ன போடுறாங்க?"

தமிழ்நாட்டில் ஒரு தெருவில் காலை பத்து மணிக்கு இப்படிக் கேட்டால் எந்தக் கடை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மளிகைக் கடையில் சாமான் 'வாங்குவோம்', ரேஷன் கடையில்தான் சாமான் 'போடுவார்கள்'. "பருப்பு போட்டாச்சு, பாமாயில் இன்னும் வரல." ஊருக்கு ஊர் ரேஷன், ரேசன், ரேசங்கடை என்று ஒலி கொஞ்சம் மாறும். சில ஊர்களில் கூட்டுறவுச் சங்கம் நடத்துவதால் 'சொசைட்டி' என்பதே பெயர். எழுபது எண்பது வயதுக்காரர்கள் சிலர் இன்னமும் 'கண்ட்ரோல் அரிசி' என்பார்கள். பலகையில் மட்டும் 'நியாயவிலைக் கடை' என்று எழுதியிருக்கும். அதை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

ரேஷன் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'ராத்தியோ' என்றால் கணக்கு, எண்ணிப் பார்த்தல், காரணம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது படைமுகாமின் சொல்லாக இருந்தது. ஒரு சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ரொட்டி, இவ்வளவு இறைச்சி என்று கணக்கிட்டுக் கொடுக்கும் உணவுதான் ரேஷன். கணக்கில் வரும் 'ரேஷியோ', அதாவது விகிதம், இதே லத்தீன் சொல்தான். ஆகவே இதன் நடுப்பொருள் தருமமோ தயவோ அல்ல, கணக்கிட்ட பங்கு. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

படைமுகாமில் இருந்த சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவை உலகப் போர்கள். பிரிட்டனில் 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி ஆகியவற்றுக்குத் தொடங்கிய பங்கீடு, போர் முடிந்து ஒன்பது ஆண்டு கழித்து 1954-ல்தான் முழுதாக நின்றது. நம் பக்கம் அது வந்த வழி வேறு. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் கப்பல் நின்றது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். நகரங்களில் தலைக்கு இவ்வளவு அரிசி என்று அட்டை வைத்துக் கொடுக்க வேண்டிய நிலை. அப்போதுதான் ரேஷனும் கண்ட்ரோலும் ஒன்றாகத் தமிழில் நுழைந்தன. கண்ட்ரோல் என்பது விலையையும் நடமாட்டத்தையும் அரசு கட்டுப்படுத்துவது. ரேஷன் என்பது அளந்து கொடுப்பது. பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன.

1952-ல் முதலமைச்சரான ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனாலும் சொல் போகவில்லை, தேவையும் போகவில்லை. அறுபதுகளின் நடுவில் மீண்டும் அரிசித் தட்டுப்பாடு. நாடு முழுக்க உணவு தானியம் வாங்கிச் சேமிக்கும் இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க. சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். 1972-ல், ரேஷன் கடைகளுக்குப் பொருள் வாங்கி அனுப்பும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. போர்க்காலத்துக்கு என்று வந்த ஏற்பாடு எல்லாக் காலத்துக்கும் உரியதாயிற்று.

ஈழத்தில் இந்தச் சொல் அவ்வளவாக ஒட்டவில்லை. அங்கே 'கூப்பன்'. கூப்பன் அரிசி, கூப்பன் காட், கூப்பன் கடை. கிராமத்தில் அது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் 'சங்கக்கடை'. கூப்பனும் பிரெஞ்சுச் சொல்தான். வெட்டுவது என்ற வினையிலிருந்து பிறந்து, வெட்டிக் கிழித்துக் கொடுக்கும் சீட்டைக் குறித்தது. 1953-ல் இலங்கை அரசு அரிசி மானியத்தைக் குறைத்து ஒரு கொத்தின் (அங்கே அரிசி அளக்கும் அளவு) விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 அன்று தீவு முழுக்க ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அளந்து கொடுக்கும் அரிசியில் கை வைத்தால் ஆட்சி ஆடும் என்பதற்கு இதைவிட நேரான சான்று நம் பக்கத்தில் இல்லை.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்?

பலரும் மறந்துவிட்ட ஒன்று நம்மிடமே இருக்கிறது: படி. அரிசி அளக்கும் அந்தப் பாத்திரம் மட்டுமல்ல படி. ஒருவருக்கு அன்றாடம் அளந்து கொடுக்கும் உணவும் படி, உணவுக்குப் பதிலாகக் கொடுக்கும் பணமும் படி. அரசு ஊழியர் வாங்கும் அகவிலைப்படி, பயணப்படி ஆகியவற்றில் இருப்பது இந்தப் படிதான். கோயிலில் நாள்தோறும் நைவேத்தியத்துக்கு என்று வகுத்து வைத்த அளவு படித்தரம். "நமக்குப் படியளக்கிறவன்" என்றால் சோறு போடுகிறவன். மதுரையில் மார்கழி தேய்பிறை அட்டமி அன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் சப்பரத்தில் வெளிவீதி சுற்றி வருவார்கள். எல்லா உயிர்க்கும் இறைவன் படியளந்ததன் நினைவாக வழியெல்லாம் அரிசி இறைப்பார்கள். மனிதர் பொறுக்கிக் கொள்வார்கள், மிச்சம் எறும்புக்கும் குருவிக்கும்.

இன்னும் பழைய கதை திருவீழிமிழலையில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு வைத்தார்; அதற்குப் படிக்காசு என்று பெயர். அந்தக் காசைக் கொண்டு அடியார்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். அப்பர் பெற்ற காசு நல்ல காசு, கடையில் அப்படியே செல்லுபடியாயிற்று. சம்பந்தர் காசில் வாசி இருந்தது, மாற்றும்போது கழிவு பிடித்தார்கள். அதனால் அவர் மடத்தில் சோறு தாமதமாயிற்று. அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. வாசி தீர்த்துத் தரும்படி இறைவனையே பாடிக் கேட்டு, நல்ல காசு வாங்கினார். ரேஷன் அரிசி வாடை அடிக்கிறது, நொய்யாக இருக்கிறது என்று கடையில் ஒரு பெண் குரலை உயர்த்தும்போது "சும்மா கிடைக்கிறதுக்கு இவ்வளவு பேச்சா" என்று யாராவது முணுமுணுத்தால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். அளந்து கொடுப்பதில் தரத்தையும் கேட்கலாம். தெய்வத்திடமே கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் 'படிக் கடை' என்று இன்றைக்குப் பெயர் வைத்தால் ஒருவருக்கும் விளங்காது. படி என்ற சொல்லுக்கு மாடிப்படியும் பாடம் படிப்பதும் முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் பங்கீடு சரியான சொல் என்கிறேன். பகு, பங்கு, பங்கிடு, பங்கீடு: வேரிலிருந்து நுனிவரை நம்முடையது. மதிப்பிடு மதிப்பீடு ஆவதுபோல், இடு என்னும் முதனிலை நீண்டு ஈடு ஆகிறது. பங்கு என்றால் ஒருவருக்கு உரிய பகுதி. பாகப்பிரிவினையில் பங்கு கேட்பவன் பிச்சை கேட்பவன் அல்லன், பங்காளி. லத்தீனில் இருந்த 'கணக்கிட்ட பகுதி' என்ற பொருளும் இதில் சேதாரமில்லாமல் வந்துவிடுகிறது. பழைய அட்டைகளில் 'உணவுப் பங்கீட்டு அட்டை' என்று அச்சிட்டவர்கள் யோசித்துத்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.

'நியாயவிலைக் கடை' எனக்கு நிறைவு தரவில்லை. நியாயம் வடசொல் என்பதால் மட்டும் அல்ல. அந்தப் பெயர் விலையைப் பற்றிப் பேசுகிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசிக்கு விலையே இல்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று மற்றவற்றுக்குத்தான் விலை. முதன்மையான பொருளுக்கே பொருந்தாத பெயர். 'பொது விநியோகத் திட்டம்' என்பதில் உள்ள விநியோகத்துக்கு 'வழங்கல்' என்பது போதும். துறையின் பெயரிலேயே 'உணவுப் பொருள் வழங்கல்' இருக்கிறது, வட்ட வழங்கல் அலுவலரும் இருக்கிறார். வழங்கல் கொடுப்பவர் பக்கத்துச் சொல், பங்கீடு பெறுபவரையும் சேர்த்துச் சொல்லும் சொல். அட்டைக்கு 'குடும்ப அட்டை' என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம். கோடையில் தெருக்குழாய்த் தண்ணீருக்கு ஒரு வீட்டுக்கு நாலு குடம் என்று நிறுத்துவதும்கூட ஆங்கிலத்தில் ரேஷன்தான். தமிழில் அதற்கு 'முறை வைப்பது', 'அளவு வைப்பது' என்று வீட்டிலேயே சொல் இருக்கிறது, புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

குடும்ப அட்டை என்ற பெயருக்குள் குடும்பம் என்றால் என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. புது அட்டைக்கு எழுதிக் கொடுத்தால் தனிச் சமையல் உண்டா என்று வந்து பார்ப்பார்கள். ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் இருந்தாலும் அடுப்பு இரண்டாக இருந்தால் குடும்பம் இரண்டு. 'உலை வேறாகிவிட்டது' என்று நம் ஊர்களில் சொல்வார்களே, அதே அளவுகோல். சமையலறையில்தான் குடும்பம் பிரிகிறது என்பதை அரசும் ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த அட்டையை வைத்துத்தான் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்பத் தலைவி யார் என்று பார்த்தார்கள். தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். அதற்கு 'உதவித் தொகை' என்று வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்தது நல்ல முடிவு. பெயரில் உரிமை இருந்தால், தகுதி இல்லை என்று தள்ளப்பட்ட பெண் மேல்முறையீட்டுக்கு நிமிர்ந்து போகலாம்.

இப்போது முதலில் விட்ட இடத்துக்கு: ரேஷன் தருமமோ தயவோ அல்ல, கணக்கிட்ட பங்கு என்றேன். இலவச அரிசி வாங்கித் தின்று மக்கள் சோம்பேறி ஆகிறார்கள் என்ற பேச்சு வீட்டு விருந்தில், பேருந்தில், தொலைக்காட்சி விவாதத்தில் என்று எங்கும் காதில் விழுகிறது. நான் இதை ஏற்கவில்லை. அந்த அரிசி எந்த வீட்டில் எப்படிச் செலவாகிறது என்று பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். புழுங்கலரிசியை நாலைந்து தடவை கழுவி, உளுந்தும் ஒரு பிடி வெந்தயமும் சேர்த்து ஊறவைத்து ஆட்டினால் இரண்டு நாளைக்கு இட்லி, மூன்றாம் நாள் புளித்த மாவில் தோசை. பச்சரிசி இடித்துப் புட்டுக்கும் கொழுக்கட்டைக்கும் ஆகிறது. கடை அரிசி கிலோ 60 ரூபாய் விற்கும்போது, காலைப் பலகாரத்துக்கு அரிசிச் செலவு இல்லை என்பது சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் மாதக் கணக்கில் எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்தப் பணம் பிள்ளையின் வேன் வாடகையாகவும் மாமியாரின் சர்க்கரை மாத்திரையாகவும் போகிறது. அவள் சோம்பியிருக்கவில்லை.

1997-ல் நாடு முழுக்க ஏழைக்கு ஒரு வரிசை, மற்றவர்க்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். தமிழ்நாடு எல்லாருக்கும் பொது என்பதைக் கைவிடவில்லை. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகும், மத்திய அரசின் பட்டியலில் இல்லாத குடும்பத்துக்கும் மாநிலம் தன் செலவில் அரிசி கொடுக்கிறது. வேண்டாதவர் சர்க்கரை அட்டையாகவோ, எப்பொருளும் இல்லாத அட்டையாகவோ மாற்றிக்கொள்ளலாம். பங்கை விட்டுக்கொடுப்பதும் பங்காளியின் உரிமைதான். ஏழை என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லாத வரிசை இது. பங்கீடு என்ற சொல் அந்த வரிசைக்குப் பொருந்தும். 'இலவசம்' பொருந்தாது.

கோபம் வருவது கைரேகை இயந்திரத்தைப் பார்க்கும்போதுதான். எங்கள் தெருக் கடையில் ஒரு பாட்டி. வாழ்நாளெல்லாம் பாத்திரம் தேய்த்த கை. கட்டைவிரலை வைக்கிறார், விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. விற்பனையாளர் பெண் நல்லவர், தேங்காயெண்ணெய் புட்டியை நகர்த்தி வைத்து "மோதிர விரலைத் தொட்டு வைங்க பாட்டி" என்கிறார். பின்னால் வரிசை நெளிகிறது. கண் கருவிழியைக் காட்டியும் வாங்கலாம் என்கிறார்கள். கண்புரை உள்ளவருக்கு அதுவும் சிக்கல். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டு வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது மனதுக்கு நிறைவு. வயது எதுவானாலும் ரேகை தேய்ந்தவர்களுக்கும் அதை நீட்டிக்க வேண்டும். ரேகை விழாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிட வேண்டும், ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. உரிய பங்கை உரியவருக்கு அளந்து போடுவதுதான் அந்தக் கடையின் வேலை. இயந்திரம் அதற்கு உதவத்தான் வந்தது.