ஒன்ராறியோ ஏரியில் இறங்குமுன் இரண்டு நாள் காற்றைப் பாருங்கள்

ஒன்ராறியோ ஏரியின் ரொறன்ரோக் கரையில், ஜூலையில் ஒரு திங்கட்கிழமை 21 பாகை செல்சியஸில் இருந்த நீர் புதன்கிழமை 9 பாகைக்கு இறங்கிவிடக்கூடும். நடுவில் மழை இல்லை, புயல் இல்லை. வெளியே 30 பாகை வெயில். ஏரி அமைதியாக, அடிமணல் தெரியுமளவு தெளிவாக இருக்கும். நீச்சல் கற்பிப்பவர்களும் கரைக்காவல் பணி செய்பவர்களுமான நாங்கள் கூடுதலாக அஞ்சுவது இப்படியான நாளைத்தான். அலை அடிக்கும் நாளில் சனம் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அழகான நாளில் ஓடிவந்து குதித்துவிடும்.

இது ஏன் நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதிப் பாதுகாப்பு கையில் வந்துவிடும். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடம் 244 மீட்டர். கோடை வெயில் சூடாக்குவது மேலே உள்ள 10, 20 மீட்டர் நீரை மட்டும்தான். அதன் கீழே உள்ள மெல்லிய இடையடுக்கில் வெப்பம் சட்டென்று சரியும். அதற்கும் கீழே, கோடையிலும் 4 பாகையை ஒட்டியே கிடக்கும் நீர். நன்னீரின் அடர்த்தி 4 பாகையில்தான் உச்சம் என்பதால் அது அடியிலேயே தங்கிவிடுகிறது. மேலே இருக்கும் சூடான நீர் ஒரு போர்வை மட்டுமே. அந்தப் போர்வையைக் காற்று இழுத்துவிடும்.

இழுக்கும் திசையைத்தான் பலர் தவறாக நினைக்கிறார்கள். வட அரைக்கோளத்தில் பூமியின் சுழற்சியால், காற்று நகர்த்தும் மேல்நீர் காற்று போகும் திசைக்கு வலப்பக்கமாக விலகும். ரொறன்ரோ, பிக்கரிங், அஜாக்ஸ் எல்லாம் வடகரையில் இருக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்காகக் கரையோரம் காற்று வீசினால் அதன் வலப்பக்கம் தெற்கு, அதாவது நடு ஏரி. மேல்நீர் அங்கே போக, அந்த இடத்தை நிரப்ப அடிநீர் கரையோரமாக மேலே வரும். வடமேற்குக் காற்று என்றால் நேரடியாகவே மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளும். தென்மேற்குக் காற்றும் இதே வேலையைச் செய்யும். அது வெக்கையான நாட்களில் வீசும் காற்று என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கிழக்குக் காற்று மறுவளமாக வேலை செய்யும். சூடான நீரை நம் கரையில் குவிக்கும். ஆனால் ஏரியின் முழு நீளத்தையும் கடந்து வருவதால் பெரிய அலைகளையும் சேர்த்தே கொண்டுவரும். தென்கரையில், நயாகரா பக்கம், எல்லாம் தலைகீழ்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "இன்று எத்தனை பாகை வெயில்?" என்பதல்ல. "கடந்த இரண்டு நாளும் காற்று எங்கிருந்து, எவ்வளவு பலமாக வீசியது?" என்பதே. மேற்குப் பக்கக் காற்று ஒரு நாளுக்கு மேல் விடாமல் பலமாக வீசியிருந்தால், நீர் குளிர்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காற்று ஓய்ந்ததும் சூடான நீர் உடனே திரும்பாது; சில நாட்கள் பிடிக்கலாம்.

கனடா சுற்றாடல் துறையின் மிதவைகள் ஏரியில் இருக்கின்றன. அஜாக்ஸுக்கு அருகே ஒன்று, கிரிம்ஸ்பிக்கு அருகே ஒன்று. நீர் வெப்பம், காற்று, அலை உயரம் மூன்றையும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் மிதவை நிற்பது கரைக்கு வெளியே. அங்கே 19 பாகை இருக்கும்போதே கரையோரம் 11 ஆக இருக்கலாம். கையில் ஒரு வெப்பமானி அவசியம். முழங்கால் அளவு நீரில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். வெயிலில் காயும் மணல் அந்த நீரைச் சூடாக்கியிருக்கும். நெஞ்சளவு நீருக்குப் போய், ஒரு மீட்டர் கயிற்றில் இறக்கி, இரண்டு நிமிடம் விட்டுப் படியுங்கள். உலக நீர் விளையாட்டுச் சம்மேளனம் திறந்தநீர்ப் போட்டிகளுக்கு, தொடங்க இரண்டு மணிநேரம் முன்னர், பாதையின் நடுவில், 40 சென்ரிமீட்டர் ஆழத்தில் அளக்கச் சொல்கிறது. 16 பாகைக்குக் கீழே என்றால் போட்டி இல்லை. தேர்ந்த வீரர்களுக்கே அதுதான் எல்லை என்பதை மனதில் வைத்திருங்கள்.

மே, ஜூன் மாதங்களில் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. வெளியே 25 பாகை அடிக்கும் மே மாதக் கடைசியிலும் ஏரி பெரும்பாலும் 10 பாகையைத் தொட்டிருக்காது. ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் முதல் கிழமைகள் வரைதான் ஏரி ஓரளவு நம்பத்தக்கது.

எங்கள் ஆட்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு, "நான் கடலில் நீந்தி வளர்ந்தவன்" என்பது. உண்மைதான். 1954இல் வடமராட்சியின் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் 16 வயது மெரிலின் பெல், நியூயோர்க் மாநிலத்தின் யங்ஸ்டவுனிலிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 21 மணிநேரம் நீந்தி, ஒன்ராறியோ ஏரியைக் கடந்த முதல் ஆளானார். இரண்டுமே பெரிய சாதனைகள். ஆனால் உடல் சந்தித்த தண்ணீர் வேறு. பாக்கு நீரிணையில் நீர் 27, 28 பாகைகளில் இருக்கும். அங்கே பழகிய கையும் காலும் 12 பாகையில் பத்து நிமிடத்தில் பேச்சுக் கேளாமல் போய்விடும். நீச்சல் திறமையும் குளிர்ப் பழக்கமும் தனித்தனியானவை. ஒன்று மற்றதைக் காப்பாற்றாது. மேலும், நன்னீர் உடலைக் கடல்நீர் அளவுக்குத் தூக்கிப் பிடிக்காது. ஏரி அலைகளோ இடைவெளி குறைந்து, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். மூச்செடுக்கும் தாளத்தை இரண்டு பக்கமும் பழகியிருக்க வேண்டும்.

குளிர்நீரில் உயிர் போவது பெரும்பாலும் உடல் விறைத்து அல்ல. மனிற்றோபாப் பல்கலைக்கழக ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிவரும் 1-10-1 என்ற கணக்கு இதைத் தெளிவாக்கும். உறைநிலையை நெருங்கிய நீரில், மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம். கைகால்கள் உருப்படியாக இயங்க 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணிநேரம். 10, 15 பாகை நீரில் பின்னிரண்டும் நீளும். ஆனால் முதல் நிமிடத்தின் அதிர்ச்சி அந்த வெப்பத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. தோல் திடீரென்று குளிர, நினைக்காமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுபடும். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். தொடர்ந்து மூச்சு கட்டுக்கடங்காமல் வேகமாகும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும், மூச்சை அடக்கக்கூடிய நேரம் 10 செக்கனுக்கும் கீழே வந்துவிடலாம். பாறையிலிருந்து பாய்வதும், படகிலிருந்து குதிப்பதும், "ஒரேயடியாக இறங்கினால் குளிர் தெரியாது" என்பதும் இதனால்தான் ஆபத்து.

இறங்கும் முறை இதுதான். இடுப்பளவு வரை நடந்து போங்கள். கையால் நீரள்ளி முகத்திலும் பிடரியிலும் விடுங்கள். தோள்வரை இறங்கி, வாயால் நீளமாக ஊதி மூச்சை வெளியே விடுங்கள். இழுப்பது தானாக நடக்கும், விடுவதில்தான் கவனம் வேண்டும். ஒரு முழு வசனத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மட்டும் முகத்தை நீருக்குள் வையுங்கள். பொதுவாக 60 முதல் 90 செக்கன் போதும். இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் மூச்சு அடங்கவில்லை என்றால் அன்றைக்கு வெளியே வாருங்கள். தற்செயலாக விழுந்துவிட்டால், நீந்த முயலாதீர்கள். மல்லாந்து, காதுகள் நீருக்குள் இருக்கும்படி தலையைச் சாய்த்து, மிதந்தபடி அந்த ஒரு நிமிடத்தைக் கடத்துங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. சில நாட்கள் இடைவெளியில் மூன்று மூன்று நிமிடமாக ஐந்து, ஆறு தடவை குளிர்நீரில் இறங்கினாலே இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறையும். அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நிற்கும். பெரிய உறுதியோ பயிற்சியோ தேவையில்லை, ஒழுங்காகச் செய்வதுதான் தேவை. "எத்தனை பாகையோ அத்தனை நிமிடம் நீந்தலாம்" என்று ஒரு கணக்கு உலாவுகிறது. 12 பாகையில் 12 நிமிடம் புதியவருக்கு அதிகம் என்பதே எங்கள் கருத்து. மூன்று நிமிடத்தில் தொடங்குங்கள்.

நீந்தும் பாதையைக் கரைக்கு இணையாக, எந்த இடத்திலும் கால் நிலத்தில் ஊன்றக்கூடிய தூரத்திலிருந்து 30, 40 மீட்டருக்குள் போடுங்கள். நடுவில் குளிர்த்திட்டு ஒன்றில் நுழைந்தால் தோலே சொல்லிவிடும். நெற்றி இடிக்கும், விரல்கள் கடுக்கும். அங்கே நின்று யோசிக்க வேண்டாம். நிமிர்ந்து நின்றால் கால்கள் இன்னும் கீழே, இன்னும் குளிர்ந்த அடுக்குக்குள் இறங்கும். கிடைநிலையிலேயே இருந்தபடி கரைப்பக்கம் திரும்புங்கள். வந்த வழியே போனால் சூடான நீர் கிடைக்கும் என்று பின்னால் திரும்புவதும் சரியல்ல, கரைதான் இலக்கு.

தனியாகப் போகக் கூடாது என்பதற்குக் காரணம் துணைக்கு ஆள் என்பது மட்டுமல்ல. குளிர் மூளையை மந்தமாக்கும்போது நீந்துபவருக்கு அது தெரியாது, பார்ப்பவருக்குத்தான் தெரியும். துணையாகக் கயாக்கில் (சிறு துடுப்புப் படகில்) வருபவர் தொடக்கத்திலேயே நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி வைக்க வேண்டும். 64 ஆக இருந்தது 56க்கு வந்தால், அல்லது வீச்சுகள் குட்டையாகி எண்ணிக்கை ஏறினால், கேள்வி கேளுங்கள். பெருவிரல் நுனியைச் சின்னவிரல் நுனியில் தொடச் சொல்லுங்கள். விரல்கள் ஒன்று சேராமல் நண்டுக்கால் மாதிரி விரிந்து நின்றால் உடனே வெளியே. இடுப்பு தாழ்வது, பதில் தாமதமாக வருவது, "நான் ஓகே" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லாமே அறிகுறிகள். நடுக்கம் நின்றுவிட்டது, குளிர் விட்டுவிட்டது என்று அவர் சொன்னால் அதுதான் மிகப் பயங்கரமான அறிகுறி. 911 அழையுங்கள்.

உபகரணம் பற்றிச் சுருக்கமாக. 18 பாகைக்குக் கீழே 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட், அதாவது நியோபிரீன் என்ற செயற்கை இறப்பரால் ஆன, உடலோடு ஒட்டும் நீச்சல் உடை. அதன் கழுத்துப்பகுதி தொண்டையை அழுத்தக் கூடாது. குளிர் அதிர்ச்சியில் அந்த இறுக்கம் மூச்சடைப்பாக மாறும். நியோபிரீன் தொப்பி, காதடைப்பு. காதுக்குள் குளிர்நீர் போனால் தலைசுற்றி மேலும் கீழும் தெரியாமல் போகும். இடுப்பில் கட்டும் செம்மஞ்சள் மிதவைப் பை, விசில். காலுக்கு நியோபிரீன் சப்பாத்து நல்லது, ஏனென்றால் பாறைகளில் ஒட்டியிருக்கும் வரிக்குதிரைச் சிப்பிகள் சவரக் கத்தி மாதிரி வெட்டும். விறைத்த காலுக்கு வெட்டியது தெரியாது.

வெளியே வந்த பிறகுதான் பலர் விழுகிறார்கள். நீந்தும்போது கைகால்களில் தேங்கிக் குளிர்ந்த இரத்தமும் திசுக்களும், வெளியே வந்து பத்து முதல் முப்பது நிமிடம் வரை உடலின் உள்வெப்பத்தை இன்னும் கீழே இழுக்கும். சிரித்துக்கொண்டு வந்தவர் பதினைந்து நிமிடத்தில் சாவியைக் கூடப் பிடிக்க முடியாமல் நிற்பார். அதனால் கதையெல்லாம் பிறகு. முதலில் ஈர உடுப்பைக் கழற்றி, துவாயால் ஒற்றி, மேலுடம்பிலிருந்து தொடங்கி உலர்ந்த உடுப்புகளை அடுக்கடுக்காகப் போடுங்கள். போடும் ஒழுங்கிலேயே பையில் அடுக்கி வையுங்கள். பொத்தான், சின்ன ஸிப் (zip) உள்ள உடுப்பு வேண்டாம். தொப்பி, பிறகு சீனி போட்ட சூடான தேநீர். சுடுநீர் ஷவர் வேண்டாம். தோலின் இரத்தக் குழாய்கள் திடீரென விரிய, அழுத்தம் விழுந்து மயங்கலாம். கைகாலைத் தேய்க்கவும் வேண்டாம், மதுவும் வேண்டாம். நடுக்கம் முழுவதும் அடங்கும்வரை கார் ஓட்டவே கூடாது. விறைத்துப்போனவரை நீரிலிருந்து தூக்கும்போது கிடையாகத் தூக்குங்கள், நிமிர்த்தி நடக்க விடாதீர்கள்.

நடுவயதுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால், குளிர்நீரில் இறங்கும் முடிவு வைத்தியரிடம் கேட்டபிறகு எடுக்க வேண்டியது. குளிர் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நீரின் அழுத்தமும் சேர்ந்து, இரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளும். இறுக்கமான வெட்சூட், கடும் முயற்சி, உயர் அழுத்தம் மூன்றும் கூடினால் நுரையீரலுக்குள் நீர் கசியலாம். தண்ணீர் குடிக்காமலேயே இருமல், நெஞ்சில் கரகரப்பு, இளஞ்சிவப்பு நுரை, நிற்காத மூச்சு வாங்கல் வந்தால் அதை ஆஸ்துமா என்று தட்டிக்கழிக்காதீர்கள். வெளியே எடுத்து, இருத்தி, வெட்சூட்டைத் தளர்த்தி, அம்புலன்ஸ். ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர்களுக்கு வேறு சிக்கல். சீனி இறங்கினாலும் நடுக்கம், குழப்பம். குளிரில் விறைத்தாலும் அதே நடுக்கம், அதே குழப்பம். இறங்குமுன் சீனியை அளந்து, கூட வருபவருக்குச் சொல்லி, மிதவைப் பைக்குள் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீந்தவே வராத பிள்ளைகளின் காற்றடைத்த மிதவைகள். ரொறன்ரோக் கரையின் ஸ்காபுரோ பிளஃப்ஸ் என்ற செங்குத்து மண்சுவர் சில இடங்களில் 90 மீட்டர் உயரம். வடமேற்குக் காற்று அடிக்கும்போது அடிவாரக் கடற்கரை அசையாத நீராகத் தெரியும், ஏனென்றால் சுவர் மறைக்கிறது. கொஞ்சம் வெளியே போனதும் அந்தக் காற்று மிதவையைப் பிடித்து நடு ஏரிக்குக் கொண்டுபோகும், அதுவும் நீர் மிகக் குளிர்ந்திருக்கும் அதே நாளில். மிதவையைத் துரத்தி நீந்தும் அப்பாதான் பெரும்பாலும் ஆபத்தில் மாட்டுகிறார். பிள்ளை மிதவையிலேயே படுத்திருக்கட்டும் என்று கத்துங்கள், ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் உயிர்காப்பாளரையும் 911ஐயும் அழைக்கட்டும். பூங்காவின் பெயரையும், அருகில் தெரியும் கோபுரம் அல்லது படகுத்துறையையும் சொல்லுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் அந்த மிதவையைக் காரிலிருந்து இறக்கவே வேண்டாம்.