சண்டைக்கு முன்னால் கண்ணை மூடி இரண்டு நிமிடம்

குடத்தை யார் முதலில் வைத்தது, வாசலை மறித்து பைக்கை விட்டது யார், மேல்வீட்டு ஈரத்துணி ஏன் கீழே சொட்டுகிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டு படிக்கட்டுகளில் இப்படித்தான் சண்டை ஆரம்பிக்கிறது. ஆலோசனைக்கு வருபவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "பொறுமையா இருக்கணும்னுதான் நினைச்சேன், வாய் முந்திக்கிச்சு."

அவர்களிடம் பொறுமை இல்லாமல் இல்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது. கேரம் போர்டில் எதிராளி ஆடி முடிக்கும்வரை கையைக் கட்டிக் காத்திருக்கும் இளைஞர், வீட்டில் அண்ணன் ஒரு வாக்கியம் முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவிடம் பாதி விலைக்குக் கேட்டால், அவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் தன் விலையைத் திரும்பச் சொல்வார். அதே அக்கா நாத்தனாரின் ஒரு சொல்லுக்கு நாள் முழுக்கக் கொதிப்பார். கண்ணை மூடி, கற்பனையில், இருக்கும் பலத்தை இருக்கும் இடத்திலிருந்து சண்டை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்த இரண்டு நிமிடப் பயிற்சி.

கோபத்தின் நடுவில் புதிதாக எதையும் கற்க முடியாது. தம்பதிகளின் சண்டைகளை ஆய்வு செய்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வதே சரியாக ஏறாது என்கிறார். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் பழகி வைத்தது மட்டுமே கைகொடுக்கும். வடசென்னையின் குத்துச்சண்டைக் கூடங்களில் ஆளே இல்லாமல் ஷேடோ பாக்ஸிங் பழகுவதும் இதற்காகத்தான்.

முதலில் ஒரே ஒரு பலம், ஒரே ஒரு சண்டை. 'அன்பு', 'நிதானம்' என்று எழுதினால் மனம் எதையும் பிடித்துக்கொள்ளாது. "எதிராளி அடிக்கும்போது நான் போர்டைத் தொடமாட்டேன்" என்று செயலாக எழுதுங்கள். பிறகு உட்கார்ந்து கண்ணை மூடி, முதல் அரை நிமிடம் அந்தப் போர்டுக்கு முன்னாலேயே இருங்கள். தோள் எப்படித் தளர்ந்திருக்கிறது, மூச்சு எங்கே ஓடுகிறது, கை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். எடுத்துப்போக வேண்டியது அந்த உடம்பு நிலையைத்தான்.

அதே தோளோடு, மனதுக்குள், சண்டை நடக்கும் தண்ணீர் லாரி வரிசைக்கு வாருங்கள். உங்களை அதிகம் சுடும் வாக்கியத்தை எதிரில் இருப்பவர் சொல்லட்டும். இந்த இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டினால் பயிற்சி வீண். முழுதும் கேட்டபின், வாய்விட்டு ஒரு வரி சொல்லிப் பாருங்கள்: "யக்கா, நீ முதல்ல சொல்லி முடி, அப்புறம் நான் சொல்றேன்." கடைசியாக ஒரு முடிச்சு: "அவங்க குரலை உயர்த்தினா, நான் குடத்தைக் கீழே வைப்பேன்." 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டிவைத்த திட்டம், வெறும் தீர்மானத்தைவிட நன்றாக வேலை செய்யும் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வு முடிவு. எல்லாம் சேர்த்து 2 நிமிடம். வழக்கமாகச் சண்டை வரும் நேரத்துக்கு முன்னால், ஒரு வாரம் தினமும் செய்யுங்கள்.

பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்தான். கண்ணை மூடியதும் மனம் பதிலடியைத் தயாரிக்க ஆரம்பிக்கும். பல் கடிபடுவதுதான் அடையாளம். உடனே கண்ணைத் திறந்து, மறுபடி கேரம் போர்டிலிருந்து தொடங்குங்கள். நறுக்கென்று ஒரு வார்த்தை விடுவது கேரமில் சிவப்புக் காயான ரெட்டைப் போடுவது போல. அடுத்து நம் காய் ஒன்று ஃபாலோவாக விழவில்லையென்றால் ரெட் திரும்ப நடுவுக்கே வந்துவிடும். எதிராளி அழுது மன்னிப்புக் கேட்பதாகக் காண்பதும் உதவாது. இனிய முடிவை மட்டும் கற்பனை செய்பவர்களின் முயற்சி தளர்கிறது என்பதை உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் காட்டியிருக்கிறார். எதிராளியை அவராகவே விட்டு, உங்கள் பங்கை மட்டும் பாருங்கள்.

எப்போதும் விட்டுக்கொடுப்பவருக்குப் பொறுமை தேவையில்லை. அவரிடம் பொறுமையைக் கற்பனை செய்யச் சொல்வது அநியாயம். குரல் உயராமல் தன் விலையிலேயே நிற்கும் மீன்கார அக்காவின் உறுதிதான் அவருக்கு வேண்டிய பலம்.

கணவன் மனைவிக்கு இன்னொரு வழி உண்டு: இருவருக்கும் நல்லதையே நினைக்கும் மூன்றாம் மனிதர் இந்தச் சண்டையை எப்படிப் பார்ப்பார் என்று 7 நிமிடம் எழுதுவது. 2013-இல் வெளியான ஆய்வில், 120 தம்பதிகளில் ஆண்டுக்கு மூன்று முறை இப்படி எழுதியவர்களின் உறவு நிறைவு சரியாமல் நின்றது.

அடி, மிரட்டல், வரதட்சணைக் கொடுமை இருக்கும் வீட்டில் இந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது. பெண்கள் 181-ஐ அழைக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. வாடகை, சொத்துத் தகராறு வழக்காகிவிட்டால் உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது.

ஒரு வாரம் பழகியும் வாய் முந்திவிட்டதா? அன்று இரவே, தொடக்கத்திலிருந்து அல்ல, பிசகிய அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கண்ணை மூடி மறுபடி ஓட்டிப் பாருங்கள். குடம் அப்போது கையில் இருந்ததா, தரையில் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.