பிரஷர் பார்க்கவே பயமா? கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பரிசோதனையும் பணமும்

என் தங்கைக்கு அப்போது ஆறாம் மாதம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உட்கார்ந்தவுடன் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்கள். 150/96. அவள் முகம் வெளுத்துவிட்டது. "பிரஷர் என்று சொல்லி ஆபரேஷன் செய்துவிடுவார்கள் அக்கா" என்று என் காதில் முணுமுணுத்தாள். முந்தைய மாதம் ஏதோ சாக்குச் சொல்லி அவள் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. வயதில் மூத்த செவிலியர் ஒருவர் அவளை மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் சாய்ந்து உட்காரச் செய்தார். "கால் மணி நேரம் பேசாமல் இரு தாயி, அப்புறம் பார்ப்போம்" என்றார். மறுபடி பார்த்தபோது 128/82.

மருத்துவமனை வாசலை மிதித்ததும் ரத்த அழுத்தம் ஏறுவது பலருக்கும் உள்ளதுதான். வெள்ளைக் கோட்டு ரத்த அழுத்தம் என்று மருத்துவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். "பயத்தில் ஏறியது" என்று அதைத் தள்ளிவிடவும் கூடாது. இப்படி ஏறுபவர்களில் சிலருக்குப் பிந்தைய மாதங்களில் உண்மையாகவே ரத்த அழுத்தம் வருவதுண்டு. அதனால் பயம் உள்ளவர்தான் ஒரு தவணைகூடத் தவறாமல் போக வேண்டும்.

அளக்கும் முறையில் நாம் கேட்டு வாங்கக்கூடியவை இருக்கின்றன. சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி வேண்டாம். ஐந்து நிமிடமாவது ஓய்வு, முதுகுக்குச் சாய்மானம், தரையில் பதிந்த பாதங்கள், நெஞ்சு மட்டத்தில் கை. அளக்கும்போது பேசக் கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால், "கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை பாருங்கள் அம்மா" என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் அது கவனிக்க வேண்டிய அழுத்தம். 160/110 என்றால் அன்றைக்கே மருத்துவமனையில் சேர வேண்டியது.

இந்தப் பரிசோதனைகளுக்கு அரசு நிலையங்களில் ஒரு பைசா கிடையாது. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி பரிசோதனை, மருந்து, ரத்தம், பிரசவம், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை, தங்கும் நாட்களின் உணவு, போக வர வாகனம் எல்லாம் இலவசம். பிரசவத்துக்கு முன் குறைந்தது நான்கு முறை பார்க்க வேண்டும், முதல் முறை 12 வாரத்துக்குள். ஒவ்வொரு முறையும் எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்த்துத் தாய் சேய் நல அட்டையில் எழுதுவார்கள். எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள், அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு அந்த அட்டைதான் பேசும். 2016-ல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி, நான்காம் மாதம் முதல் உள்ள கர்ப்பிணிகளை மருத்துவர் நேரில் பார்ப்பார். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

பண உதவிக்கு வருகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். அந்த அம்மையார் 1886-ல் பிறந்தது நம் பக்கத்துப் புதுக்கோட்டையில்தான். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த தாய்மாருக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கும் தலா 18,000 ரூபாய். இதில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். மீதி 14,000 வங்கிக் கணக்குக்கு வரும். கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் 6,000, குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் 2,000. நாள் தள்ளிப்போனது உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கிவிட வேண்டும். பயத்தில் பதிவைத் தள்ளிப்போடுபவர்கள் பரிசோதனையோடு சேர்த்துப் பணத்தையும் இழக்கிறார்கள்.

நம் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குத் தாய் வீடு இராயவரமாக இருக்கும். அது சிவகங்கை மாவட்டம், இது புதுக்கோட்டை மாவட்டம். வளைகாப்பு முடிந்து சீர் வரிசையோடு கிளம்பும்போது அட்டையை மறந்துவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் ஏறக்கூடிய கடைசி மாதங்கள் அவை. பிக்மி எண் அதே எண்தான், மாற்ற வேண்டியதில்லை. புகுந்த ஊர்ச் செவிலியரிடம் கிளம்புவதைச் சொல்லி, தாய் ஊர்ச் செவிலியரிடம் போய்ச் சேர்ந்த வாரமே அட்டையைக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்றைக் கண்ணால் பார்த்தேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாமியாருக்கு வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வந்து சேர்கிறது. மருமகளுக்குத் தலை வலிக்கிறது என்றதும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார் அந்த ஆச்சி, பாசத்தால்தான். எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள் வயிற்றுக் குழந்தைக்குக் கேடு செய்பவை. கர்ப்பிணிகளுக்கென்று லேபெட்டலால், நிபெடிபின், மெத்தில்டோபா என்று வேறு மருந்துகள் உண்டு. மருத்துவர் எழுதித்தான் சாப்பிட வேண்டும். முன்பே பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், தாமாக நிறுத்த வேண்டாம். சுகாதார நிலையத்தில் தரும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் விடாதீர்கள். ரத்த அழுத்தச் சிக்கலைக் குறைக்க அது உதவும். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளையில் சாப்பிடுங்கள். ஊறுகாயையும் கருவாட்டையும் குறைப்பது நல்லதுதான், ஆனால் உப்பைக் குறைத்துவிட்டேன் என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

பயத்தைப் பற்றிச் செவிலியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். தங்கை சொன்ன பிறகு, வரிசையில் நிற்கவிடாமல் முதலிலேயே உட்காரவைத்தார்கள். கணவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகள் நம் ஊரில் அதிகம். அம்மாவோ அக்காவோ நாத்தனாரோ கூடப் போகலாம். அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடனிருக்கவும் அனுமதி உண்டு, முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இரவில் தூக்கம் கெட்டு நெஞ்சு படபடத்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

விடாத தலைவலி, கண் மங்குதல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல், வலிப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே 108. பிரசவம் முடிந்த ஆறு வாரம் வரையிலும் இது பொருந்தும், குழந்தை பிறந்ததும் பிரஷர் போய்விட்டது என்று இருந்துவிட வேண்டாம். நம் பக்கத்து வீடுகள் பல ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கின்றன. 108-க்குச் சொல்லும்போது முகப்பு எந்தத் தெருவில் என்று தெளிவாகச் சொல்லி, ஒருவரை வாசலில் நிறுத்திவையுங்கள்.