பைபாஸும் பெருநாடி வீக்கமும்: மலையக நோயாளர்களுக்குரிய சிகிச்சையும் உதவித் திட்டங்களும்

இருதய நாளங்கள் அடைபட்டிருப்பதுடன் வயிற்றிலுள்ள பெருநாடியும் (இருதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பிரதான நாடி) வீங்கியிருப்பதாகத் தெரியவரும்போது, குடும்பத்தார் கேட்பவை இரண்டு: அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்ல வேறு வழி அமைக்கும் பைபாஸையும், வீக்கத்தைச் சீரமைக்கும் சத்திரசிகிச்சையையும் ஒரே தடவையில் செய்யலாமா, எவ்வளவு செலவாகும்?

செலவு பற்றிய பதில் எளிது. அரச வைத்தியசாலைகளில் இவ்விரு சத்திரசிகிச்சைகளும் கட்டணமின்றியே செய்யப்படுகின்றன. தோட்டத்தில் பெயர் பதிந்தவரா, ஓய்வு பெற்றவரா, வெளியில் கூலி வேலை செய்பவரா என்பது பார்க்கப்படுவதில்லை. டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ நோய் கண்டறியப்பட்டாலும், நெஞ்சைத் திறந்து செய்யும் சிகிச்சைக்குக் கண்டி அல்லது கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவதே வழமை. கிளினிக் கொப்பியையும் ஸ்கேன் அறிக்கைகளையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒரே தடவையா என்பதை வைத்தியர்களே தீர்மானிக்க வேண்டும். சாதாரணமாக ஏறத்தாழ 2 சென்றிமீற்றர் விட்டமுள்ள வயிற்றுப் பெருநாடி, ஆண்களில் 5.5, பெண்களில் 5 சென்றிமீற்றரை எட்டும்போதுதான் பொதுவாகச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசப்படும். அதற்குக் குறைந்ததை ஸ்கேன் செய்து கண்காணிப்பார்கள். இருதய நோய் கடுமையாக இருந்தால், முதலில் பைபாஸைச் செய்து, நோயாளி தேறிய பின்னர் வீக்கத்தைச் சீரமைப்பதே பெரும்பாலும் நடப்பது. அந்த இடைவெளியில் வீக்கம் வெடித்துவிடும் என்ற அச்சம் வலுவாக உள்ளவர்களுக்கே இரண்டையும் ஒரே மயக்க நிலையில் செய்ய முற்படுவார்கள், ஏனெனில் உடல் தாங்க வேண்டிய சுமை மிகப் பெரிது. இருதய நோய் நிலையாக உள்ளவர்களுக்கு, நாடிச் சத்திரசிகிச்சைக்கு முன் பைபாஸோ ஸ்டென்டோ (இருதய நாளத்தை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) செய்வதால் ஆயுள் கூடுவதில்லை என்று 510 நோயாளர்கள் பங்கேற்று 2004 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே "பைபாஸ் இப்போது வேண்டாம்" என்று வைத்தியர் சொன்னால், தோட்டத்து ஆள் என்பதால் கைவிட்டுவிட்டார்கள் என எண்ண வேண்டியதில்லை.

வயிற்றைத் திறக்காமல், தொடையிடுக்கு நாடி வழியாக வீங்கிய பெருநாடியின் உள்ளே உறைக்குழாய் பொருத்தும் முறை உடலுக்கு இலகுவானது, ஆனால் அக்குழாயின் விலை அதிகம். அது இருப்பில் இல்லாமல் வெளியில் வாங்க நேர்ந்தாலோ, தனியார் வைத்தியசாலையை நாட நேர்ந்தாலோ ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இந்நிதியத்துக்கு, 2025 முதல் கொழும்புக்குப் போகாமல் பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பத்தைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. முன்பு அம்பகமுவைக்குச் சென்ற சில தோட்டங்கள் இப்போது நோர்வூட் செயலகத்துக்கு உரியவை என்பதால், எந்தச் செயலகம் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். முழுச் செலவும் கிடைக்கும் என எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு சிகிச்சைகள் திட்டமிடப்பட்டிருந்தால், இரண்டையும் வைத்தியர் தம் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிடும்படி கேட்பது, பின்னர் மீண்டும் கண்டிக்கு அலைவதைத் தவிர்க்கும். தோட்ட முகவரிக்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்திலேயே தேங்கிவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. கைப்பேசி இலக்கத்தையும் எழுதிவிடுங்கள்.

ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடங்கள் பங்களிப்புச் செய்து, மீதி 300,000 ரூபாவுக்குக் குறையாமல் உள்ளவர், மருத்துவத் தேவைக்காக அதில் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்னரே பெற முடியும். இதற்குத் தொழில் திணைக்களத்தை அணுக வேண்டும். இது முதுமைக்கான பணம் என்பதால், இலவச சிகிச்சைக்கு வழியிருக்கையில் இதில் கைவைக்க அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து.

வயிற்றிலோ முதுகிலோ திடீரெனக் கடும் வலி ஏற்பட்டு மயக்கமும் வந்தால், வீக்கம் வெடித்திருக்கக்கூடும். அப்போது கிளினிக் திகதிக்காகக் காத்திராமல் 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸை அழைத்து, தோட்டத்தின் பெயர், டிவிஷன், வண்டி வந்து நிற்கக்கூடிய சந்தி ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.